குளிருக்கு இதமான மீன் சாறு

மார்கழி மாதம். விடிந்து வெகு நேரம் ஆகியும் வெயில் வரவில்லை. வயல் எல்லாம் பனிமூட்டம். பக்கத்து வீடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மக்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பின் அருகே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது மேற்கு வங்காளத்தின் குளிர்காலம். நமக்கு மார்கழி, தை. அவர்களுக்கு அவை பௌஷ், மாக் மாதங்கள். கொல்கத்தாவில் இரவில் வெப்பம் 12, 13 டிகிரி வரை இறங்கும். புருலியா போன்ற மேற்கு மாவட்டங்களில் 10 டிகிரிக்குக் கீழேயும் போவதுண்டு.

இந்தக் குளிரில் பகல் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? சூடான சோறு. அதன் மேல் ஆவி பறக்கும் மீன் சாறு. இதை அவர்கள் 'மாச்சேர் ஜோல்' என்கிறார்கள். 'மாச்' என்றால் மீன். 'ஜோல்' என்றால் நீர்த்த குழம்பு. இதில் புளி இல்லை. தேங்காய் இல்லை. காரமும் குறைவு. குழந்தை முதல் முதியவர் வரை எல்லோரும் சாப்பிடலாம்.

குளத்து மீன்

வங்காளத்தில் ஆறுகள் அதிகம். குளங்களும் அதிகம். ஊர்ப்புறத்தில் பல வீடுகளின் பின்னால் ஒரு குளம் இருக்கும். அதில் மீன் வளர்ப்பார்கள்.

பெரும்பாலும் மூன்று வகை மீன்களைச் சேர்த்து வளர்ப்பார்கள். அவை கட்லா, ரோகு, மிர்கால். இவை மூன்றும் கெண்டை இனம். நம் ஊர் ஏரிகளிலும் இவற்றை வளர்க்கிறார்கள். ஏன் மூன்றையும் சேர்த்து வளர்க்க வேண்டும்? கட்லா குளத்தின் மேல்மட்டத்தில் இரை தேடும். ரோகு நடுமட்டத்தில் தேடும். மிர்கால் அடிமட்டத்தில் தேடும். ஒன்றின் இரைக்கு மற்றொன்று போட்டி போடாது. குளத்தில் உள்ள உணவு முழுவதும் பயன்படும்.

இந்த மீன்கள் தேங்கிய குளத்து நீரில் தாமாக முட்டை இடுவதில்லை. மழைக்காலத்தில் ஓடும் ஆற்றில்தான் முட்டை இடும். அதனால் முன்பெல்லாம் மீன் குஞ்சுகளை ஆற்றில் பிடித்து வந்து குளத்தில் விட்டார்கள். எல்லோருக்கும் குஞ்சு கிடைக்கவில்லை. இந்த நிலையை மாற்றியவர் ஹீராலால் சௌத்ரி என்ற அறிவியலாளர். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அவர் ஒரு சோதனையில் வெற்றி பெற்றார். ஒரு மீனின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியின் சாற்றை எடுத்தார். அதை வேறொரு கெண்டை மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்த மீன் முட்டை இட்டது. அதன் பிறகு மீன் குஞ்சுகளைப் பண்ணையிலேயே உண்டாக்க முடிந்தது. ஜூலை 10 இன்றும் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நல்ல மீன் எது?

மீன் கெட்டிருந்தால் சாறும் கெடும். உடம்பும் கெடும். வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

கண் பளபளப்பாக இருக்க வேண்டும். குழி விழுந்து வெளுத்திருந்தால் அது பழைய மீன்.

செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும்.

சதையை விரலால் அழுத்தினால் குழி உடனே மறைய வேண்டும்.

உடம்பில் சிவந்த புண்கள் இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் குளத்து மீன்களுக்குப் புண் நோய் வருவதுண்டு. 1988இல் இந்த நோய் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் புகுந்தது. வங்காளத்துக்கும் பரவியது. மீனவர்கள் பெரும் இழப்புக்கு ஆளானார்கள். புண் உள்ள மீனை வாங்காமல் இருப்பதே நல்லது.

பச்சை நிறப் பையில் ஆபத்து

மீன் வயிற்றைக் கீறினால் ஈரலை ஒட்டி ஒரு சிறிய பை தெரியும். கரும்பச்சை நிறமாக இருக்கும். இதுதான் பித்தப்பை. இதை உடையாமல் எடுத்து எறிந்துவிட வேண்டும்.

இதைச் சிலர் மருந்து என்று நம்புகிறார்கள். சர்க்கரை நோய் தீரும் என்கிறார்கள். கண் தெளியும் என்கிறார்கள். மூட்டு வலி போகும் என்கிறார்கள். பச்சையாகவே விழுங்குகிறார்கள். இது பெரும் தவறு. ரோகு, கட்லா போன்ற கெண்டை மீன்களின் பித்தத்தில் நஞ்சு இருக்கிறது. வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்று வலியும் பேதியும் வரும். பிறகு சற்றுக் குறைந்தது போல் இருக்கும். ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். சிறுநீரகம் வேலை செய்யாமல் போகும். ஈரலும் பாதிக்கப்படும். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை இந்தியாவின் பல மருத்துவமனைகளில் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். உடனே மருத்துவமனைக்குப் போனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வீட்டிலேயே காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. பித்தப்பையை விழுங்கியதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மீன் கழுவும்போது பை உடைந்துவிட்டால் பச்சைக் கறை படிந்த சதையை வெட்டி எறிய வேண்டும். மீதியைப் பல முறை கழுவ வேண்டும்.

எண்ணெயிலும் கவனம்

வங்காளத்தில் மீன் சமைக்கக் கடுகு எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் நெடியும் சுவையும் அவர்களுக்குப் பிடிக்கும்.

கடுகு வயலில் பிரம்மதண்டுச் செடி களையாக முளைக்கும். மஞ்சள் பூவும் முள் இலையும் உள்ள செடி அது. நம் ஊரிலும் தரிசு நிலத்தில் பார்க்கலாம். அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். அந்த விதையின் எண்ணெய் நஞ்சு. அது கடுகு எண்ணெயில் கலந்தால் கால் வீங்கும். மூச்சு வாங்கும். இதயம் பலவீனம் அடையும். 1998இல் டெல்லியில் இப்படிக் கலந்த எண்ணெயால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள்.

எனவே கடுகு எண்ணெயைச் சில்லறையாக அளந்து வாங்கக் கூடாது. மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாக வாங்க வேண்டும். அதன் மேல் உள்ள நிறுவனப் பெயர், உரிம எண், தேதி ஆகியவற்றைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு பெரிய பாதுகாப்பு.

கடுகு எண்ணெய் பழக்கம் இல்லாதவர்கள் நல்லெண்ணெயில் அல்லது கடலை எண்ணெயில் செய்யலாம். சுவை மாறும். சத்து குறையாது.

தேவையான பொருள்கள்

ஆறு பேருக்கு வேண்டிய அளவு இது.

ரோகு அல்லது கட்லா: 6 துண்டுகள் (ஏறத்தாழ 600 கிராம்)
உருளைக்கிழங்கு: 3
காலிபிளவர்: சிறிய பூவில் பாதி
பச்சைப் பட்டாணி: ஒரு கைப்பிடி
தக்காளி: 2
இஞ்சி: ஒரு விரல் நீளம்
சீரகம்: 2 தேக்கரண்டி
கருஞ்சீரகம்: கால் தேக்கரண்டி
பச்சை மிளகாய்: 4
மஞ்சள் தூள்: ஒன்றரை தேக்கரண்டி
எண்ணெய்: ஒரு சிறு குழிக்கரண்டி
கொத்தமல்லித் தழை: சிறிதளவு
உப்பு: தேவையான அளவு
வெந்நீர்: 5 டம்ளர்

காலிபிளவரும் பட்டாணியும் குளிர்காலத்துக் காய்கள். அந்த மாதங்களில் மலிவாகக் கிடைக்கும். சிலர் இதில் உளுந்து வடகமும் போடுவார்கள். வங்காளத்தில் அதன் பெயர் 'போடி'. உளுந்தையும் சாம்பல் பூசணியையும் அரைத்துக் குளிர்கால வெயிலில் காய வைப்பார்கள். நம் வீட்டு வடகத்தையும் போடலாம்.

செய்யும் முறை

1. மீனைச் செதில் நீக்கி, குடல் நீக்கி, துண்டு போட்டுக் கழுவ வேண்டும். வங்காளத்தில் அரிவாள்மனை போன்ற ஒரு கருவியில் மீன் வெட்டுவார்கள். அதன் பெயர் 'போட்டி'. கழுவிய துண்டுகளில் உப்பும் பாதி மஞ்சள் தூளும் தடவி 15 நிமிடம் வைக்க வேண்டும்.

2. உருளைக்கிழங்கை நீளவாக்கில் வெட்ட வேண்டும். காலிபிளவரைப் பெரிய பூக்களாகப் பிரிக்க வேண்டும். உப்புப் போட்ட வெந்நீரில் அதைச் சிறிது நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் புழு வெளியே வந்துவிடும்.

3. இஞ்சியையும் சீரகத்தையும் சிறிது நீர் விட்டு விழுதாக அரைக்க வேண்டும்.

4. வாணலியில் எண்ணெயை நன்றாகக் காய வைக்க வேண்டும். கடுகு எண்ணெய் என்றால் நெடி அடங்கும் வரை காய வேண்டும். மீன் துண்டில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போட வேண்டும். ஒரு பக்கம் 2 நிமிடம், மறு பக்கம் 2 நிமிடம் போதும். லேசாகப் பொன்னிறம் ஆனதும் எடுத்துவிட வேண்டும். அதிகம் வறுத்தால் சதை கெட்டியாகிவிடும். வறுக்காமல் போட்டால் சாற்றில் உடைந்துவிடும்.

5. அதே எண்ணெயில் உருளைக்கிழங்கையும் காலிபிளவரையும் வதக்கி எடுத்து வைக்க வேண்டும்.

6. மீதி எண்ணெயில் கருஞ்சீரகத்தையும் கீறிய 2 பச்சை மிளகாயையும் போட வேண்டும். மணம் வந்ததும் தக்காளியைப் போட்டு வதக்க வேண்டும். பிறகு இஞ்சி சீரக விழுது, மீதி மஞ்சள் தூள், உப்பு சேர்க்க வேண்டும். எண்ணெய் பிரியும் வரை கிளற வேண்டும்.

7. வதக்கிய காய்களையும் பட்டாணியையும் போட்டு வெந்நீர் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதிக்க நேரமும் விறகும் செலவாகும்.

8. கிழங்கு முக்கால் பங்கு வெந்ததும் மீன் துண்டுகளை மெதுவாக இறக்க வேண்டும். தீயைக் குறைத்து 7 நிமிடம் மூடி வைக்க வேண்டும். கரண்டியால் கிளறக் கூடாது. வாணலியைப் பிடித்து லேசாக ஆட்டினால் போதும்.

9. மீதி மிளகாயையும் கொத்தமல்லியையும் தூவி இறக்க வேண்டும். 5 நிமிடம் கழித்துப் பரிமாறலாம்.

மீன் வெந்ததா என்று எப்படி அறிவது? சதை முள்ளிலிருந்து எளிதாகப் பிரிய வேண்டும். உள்ளே வரை வெளுத்திருக்க வேண்டும். சரியாக வேகாத மீனில் கிருமிகளும் புழுக்களும் உயிருடன் இருக்கலாம்.

மிஞ்சிய சாற்றை அன்று இரவுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிடும் முன் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும்.

சத்து எங்கே இருக்கிறது?

காய்ச்சல் கண்டவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மீன் சாறு கொடுப்பது வங்காளத்து வழக்கம். அதற்கு உயிருள்ள தேளி மீனை வாங்குவார்கள். வாழைக்காயோ பப்பாளிக்காயோ போட்டு, காரம் இல்லாமல் சமைப்பார்கள்.

சூடான சாறு குடித்தால் உடம்பு இதமாகும். ஆவி பட்டு மூக்கடைப்பு இளகும். தொண்டைக்கும் சுகமாக இருக்கும். ஆனால் சளியையோ காய்ச்சலையோ அது குணப்படுத்தும் என்று எண்ணக் கூடாது. காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. 'சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது' என்று சொல்வார்கள். சாற்றை மட்டும் குழந்தைக்கு ஊற்றுவார்கள். சதையைப் பெரியவர்கள் சாப்பிடுவார்கள். உண்மை என்ன? முள் நீங்கிய ரோகு சதை 100 கிராமில் ஏறத்தாழ 16 கிராம் புரதம் இருக்கிறது. சாற்றில் இருப்பது மிகக் குறைவு. தசை வளரவும் காயம் ஆறவும் புரதம் வேண்டும். குழந்தைக்குச் சாறும் வேண்டும், சதையும் வேண்டும்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முள் நீக்கிய மீனை நன்றாக மசித்துச் சோற்றில் கலந்து ஊட்டலாம். கெண்டை மீனில் மெல்லிய முள் அதிகம். விரலால் தடவித் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். முள் தொண்டையில் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்த வைக்கும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டி எடுப்பதே சரி.

பெரிய மீன் வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தலையோடும் முள்ளோடும் மென்று தின்னக்கூடிய பொடி மீன்களில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வங்காளத்தில் 'மொலா' என்ற பொடி மீன் உண்டு. அதில் கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது. அந்தச் சத்தின் பெரும் பகுதி அதன் தலையிலும் வயிற்றிலும் இருக்கிறது.

ஆறு துண்டு, ஆறு தட்டு

சாறு ஆகிவிட்டது. இனி யாருக்கு எவ்வளவு?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அதில் ஆறு பேர். பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, பத்து வயதுப் பெண், இரண்டு வயதுப் பையன். சட்டியில் ஆறு துண்டு மீன்.

முன்பு அந்த வீட்டில் இப்படிப் பங்கிட்டார்கள். அப்பாவுக்கு 2 துண்டு. சித்தப்பாவுக்கு 2 துண்டு. பையனுக்கு 1 துண்டு. மிஞ்சியது வால் துண்டு ஒன்று. அதை அம்மாவும் பெண்ணும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பாட்டிக்கு ஒன்றும் இல்லை.

பாட்டிக்கு ஏன் இல்லை? அவர் கணவரை இழந்தவர். வங்காளத்து இந்துக் குடும்பங்கள் பலவற்றில் கைம்பெண்கள் மீன் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. நேற்று வரை உண்ட உணவு கணவர் இறந்த நாளோடு நின்றுவிடும். சிறு வயதில் கணவரை இழந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தார்கள். பண்டிதர் ஈசுவர சந்திர வித்யாசாகர் கைம்பெண்களின் துயரைக் கண்டு போராடினார். 1856இல் கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வந்தது. சட்டம் மணத்துக்கு வழி திறந்தது. தட்டில் இருந்த தடையோ உடனே நீங்கவில்லை. இப்போது பல வீடுகளில் அது தளர்ந்து வருகிறது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

வயதானால் தசை கரையும். எலும்பு தேயும். குளிரும் அதிகமாகத் தாக்கும். அந்த வயதில்தான் புரதம் மிகவும் வேண்டும். பத்து வயதுப் பெண் வளரும் பிள்ளை. சில ஆண்டுகளில் அவள் வயதுக்கு வருவாள். அவளுக்கு வால் துண்டில் பாதி போதுமா? வீட்டு வேலை முழுவதும் செய்யும் அம்மாவுக்குப் போதுமா?

அந்த வீட்டில் ஒரு நாள் மருமகள் ஆறு தட்டு எடுத்து வைத்தாள். தட்டுக்கு ஒரு துண்டு போட்டாள்.

"அம்மா, இது உங்களுக்கு" என்றாள் மாமியாரிடம்.

பாட்டி தட்டைப் பார்த்தார். "எனக்கு எதற்கம்மா? முப்பது வருஷம் ஆச்சு. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து உங்கள் முட்டி வலியைத் தாங்குமா? நீங்கள் சாப்பிட்டால் சாப்பிடுங்கள். வேண்டாம் என்றால் பருப்பும் பாலும் இருக்கிறது. உங்களுக்குக் கிடையாது என்று மட்டும் இனி இந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்."

மகன் ஒன்றும் பேசவில்லை. தன் தட்டில் இருந்த துண்டைப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது. சாற்றை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான்.

பாட்டி முதலில் சாற்றைச் சோற்றில் விட்டுப் பிசைந்தார். பிறகு மீன் துண்டைத் தொட்டார். பேத்தி அருகே வந்து உட்கார்ந்தாள். "பாட்டி, நான் முள் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"போடி, உனக்கு முள் எடுக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்" என்றார் பாட்டி.

உண்பதும் உண்ணாததும் ஒருவரின் விருப்பம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. யாருக்கும் தடை போடவும் கூடாது.

நம் வீட்டில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வால்பாறையிலும் குளிர் உண்டு. சமவெளியிலும் மார்கழி விடியல் குளிர்தான். இந்தச் சாற்றை எந்த ஊரிலும் செய்யலாம். கிடைக்கும் மீனில் செய்யலாம். கிடைக்கும் காயைப் போடலாம். பித்தப்பையை எறிவதிலும், நன்றாக வேக வைப்பதிலும், எல்லோருக்கும் பங்கிடுவதிலும் மட்டும் மாற்றம் வேண்டாம்.

சிந்திப்போம், பேசுவோம்

1. நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது?
2. மீனின் பித்தப்பையை ஏன் சாப்பிடக் கூடாது? உங்கள் ஊரில் யாராவது அதை மருந்து என்று சொல்கிறார்களா?
3. எண்ணெய் பாக்கெட்டின் மேல் என்னென்ன எழுதியிருக்கிறது? ஒரு பாக்கெட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள்.
4. குழந்தைக்குச் சாறு மட்டும் கொடுத்தால் போதுமா?
5. உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்? அவர் தட்டில் என்ன இருக்கிறது?